சிற்றுருவில் போர் விமானங்கள்

ஓய்வு நேரத்தைக் கழிக்கும் வகை பல. சிலர் தபால் தலைகளைச் சேர்ப்பர். சிலர் படம் எழுதுவர். சிலர் பூஞ்செடி வளர்ப்பர். வேறு சிலர் ஒன்றுஞ் செய்யாதிருத்தலையே ஒரு கலையாகப் பயின்று அதில் நல்ல தேர்ச்சியும் அடைவர். இவற்றுள் எதனையும் குறைகூறுவது நமது கருத்தன்று. ஆயினும், நம் மாணவருட் பலர் பெயரளவிலேனும் அறியாத பொழுதுபோக்கு ஒன்றுண்டு. அது போர் விமானங்களை அளவு பிசகாமற் சுருக்கி, மேசைமேல் நிற்கும் சிற்றுருவங்களாகச் செய்வதாம். விடுதியில் நாம் சிலர் இதில் ஈடுபட்டு மூன்றாண்டுகள் ஆகின்றன. அக்காலத்துள் நாம் கற்றவற்றையும், நமக்கு நேர்ந்த ஒரு தலைக்குனிவையும் இம்மலரைப் படிப்போர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவே உயிர்

முதற்கண், பொம்மைக்கும் சிற்றுருவத்திற்கும் உள்ள வேற்றுமையை அறிதல் வேண்டும். திருவிழாக் கடையில் வாங்கும் தகர விமானம் விமானம்போலத் தோன்றினாற் போதும். அதன் இறக்கை நீண்டிருப்பினும் வால் குறுகியிருப்பினும் குழந்தை வழக்காடுவதில்லை. சிற்றுருவமோ அத்தகையதன்று. மெய்யான விமானத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்திற் குறைக்கப்பட வேண்டும். ஓர் உறுப்பிற்கு ஒரு கணக்கும் மற்றோர் உறுப்பிற்கு வேறொரு கணக்கும் வைத்தால் அது பொம்மையாகிவிடும்.

இவ்விகிதங்களுள் மிகப் பழமையும் பெருவழக்கும் உடையது 72இல் ஒரு பங்கு என்பது. இவ்வெண் எங்கிருந்து வந்தது என்று சிலர் வியப்பர். ஆங்கில அளவில் 6 அடியை 1 அங்குலமாகக் கொள்வதே இதன் மூலம். ஆறடி உயர்ந்த விமானி இவ்வுலகில் ஓரங்குல மனிதனாவான். நாமக்கல் கோட்டையைத் தாங்கி நிற்கும் ஒற்றைப் பாறையின் உயரம் சுமார் 75 மீட்டர் என்பர். அதனை இவ்விகிதத்திற் சுருக்கினால் ஒரு மீட்டருக்குச் சிறிதே மிகும். நம் படிப்பு மேசையைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும்.

நம் விமானப்படையில் முன்னர்ப் பணிபுரிந்த 'நாட்' என்னும் சிறு போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 8.74 மீட்டர், இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை 6.73 மீட்டர். இவற்றை 72ஆல் வகுத்தால், நீளம் 121 மில்லிமீட்டரும் அகலம் 93 மில்லிமீட்டருமாகும். உள்ளங்கையில் அடங்கும் உருவம்! பெங்களூரில் உருவாக்கப்பெற்ற 'மாருத்' விமானம் 15.87 மீட்டர் நீளமுடையது. அதன் சிற்றுருவம் 220 மில்லிமீட்டராகும். இரண்டையும் அருகருகே வைக்கும்போது, எவ்வளவு நூல் படித்தும் மனத்திற் பதியாத வேற்றுமை ஒரு நொடியிற் புலனாகிறது.

எனினும், எல்லாவற்றையும் இவ்வாறு சுருக்குதல் இயலாது. மெய்யான விமானத்தின் இரு தகடுகளுக்கிடையே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாயின், சிற்றுருவில் அது மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணியதாகும்; அதனைக் கீறவல்ல கருவி நம்மிடம் இல்லை. நாம் பூசும் வண்ணம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே கனமுடையதாயினும், மெய்யளவில் அது மூன்றரை மில்லிமீட்டர் கனமான பூச்சுக்கு ஒப்பாகும். ஆகவே எதைக் காட்டுவது, எதை விடுவது என்று துணிவதே இக்கலையின் அறிவுப்பகுதி, மற்றவை கைப்பழக்கம்.

வண்ணத்திலும் இத்தகைய நுட்பம் ஒன்றுண்டு. சேலம் நகரிலிருந்து காண்போர்க்குச் சேர்வராயன் மலை நீலமாகத் தோன்றுகிறது. ஏற்காட்டை அடைந்த பின்னரே அது பச்சையென்று தெரிகிறது. தூரம் வண்ணத்தை வெளிறச் செய்யும். சிற்றுருவைப் பார்ப்பது தொலைவில் நிற்கும் விமானத்தைப் பார்ப்பதற்குச் சமமாதலால், மெய்யான விமானத்திற்குப் பூசிய அதே வண்ணத்தைப் பூசினும் அது மிகக் கருத்துத் தோன்றும். இதனாற் சிறிது வெள்ளை கலந்து பூசுவர்.

விளையாட்டு வினையான வரலாறு

இப்பொழுதுபோக்கு இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டையடுத்த காலத்திற் பரவிற்று. ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்பார் 72இல் ஒரு பங்கு விகிதத்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்னும் மர உருவத் தொகுதிகளை வெளிப்படுத்தினார். 1936இல் 'ஃபிராக் பெங்குவின்' என்னும் பெயரால், செயற்கைப் பிசினில் வார்த்த உறுப்புகளைக் கொண்ட தொகுதிகள் வந்தன. அவை சிறுவர்க்கு விளையாட்டாகவே இருந்தன. பின்னர்ப் போர் மூண்டது; விளையாட்டு வினையாயிற்று.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், போர் தொடங்கிய மூன்றாம் நாளில், பிரிட்டிஷாரின் 'ஸ்பிட்ஃபயர்' விமானங்கள் தம்மவருடைய 'ஹரிகேன்' விமானங்கள் இரண்டைப் பகைவருடையன என்று மயங்கிச் சுட்டு வீழ்த்தின. இளம் விமானி ஒருவர் தம் நாட்டவர் குண்டுக்கே இரையானார். நண்பன் யார், பகைவன் யார் என்று கண நேரத்தில் அறியுந் திறன் உயிர்காக்குந் திறன் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இத்திறனைப் பயிற்றுதற்குச் சிற்றுருவங்களே ஏற்ற கருவியாயின. 1942இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பள்ளி மாணவர்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பதினாயிரம், ஆக 5,00,000 உருவங்கள் வேண்டும் என்பதே அது. மாணவர் மரத்தைச் செதுக்கிச் செய்து கரிய வண்ணம் பூசி அனுப்பினர். கரிய வண்ணம் ஏனெனின், வானத்தின் எதிரில் விமானம் நிழலுருவாகவே தோன்றுமாதலின். 72இல் ஒரு பங்கான உருவை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், மெய்யான விமானத்தைச் சுமார் 2,500 அடியில், அதாவது ஏறத்தாழ அரை மைலில், பார்ப்பது போலாகும். ஆகவே ஒரு கூடத்தின் கோடியில் நூலிற் கட்டித் தொங்கவிட்ட மரத்துண்டு, பீரங்கி வீரனுக்கு வானத்தையே வகுப்பறைக்குக் கொணர்ந்துவிட்டது.

நம் நாட்டுப் படையின் அடையாளத்திலும் இப்படிப்பினை உண்டு. 1932இல் தோன்றிய இந்திய விமானப்படை, முதலிற் பிரிட்டிஷாரைப் போன்றே நடுவிற் செவ்வட்டமுடைய அடையாளத்தைத் தாங்கிற்று. ஜப்பானியரின் அடையாளமும் செவ்வட்டமாதலால், கிழக்குப் போர்முனையில் மயக்கம் நேராதிருக்கும் பொருட்டுச் சிவப்பு அறவே நீக்கப்பட்டு, அடர்நீலமும் வெளிர்நீலமுமாகிய வட்டங்கள் எழுதப்பட்டன. விடுதலைக்குப் பின் 1948இல் அசோக சக்கரம் எழுதப்பட்டது. 1950 முதல் மூவண்ண வட்டம் வழங்குகிறது. ஒரு சிற்றுருவின் இறக்கையில் எழுதப்பெறும் சிறு வட்டம், அவ்விமானம் எந்த ஆண்டினது என்று கூறிவிடும் என்பதை இதனால் அறியலாம்.

போர் முடிந்தபின், பாலிஸ்டைரீன் என்னும் பிசினை உருக்கி எஃகு அச்சிற் செலுத்தி உறுப்புகளை வார்க்கும் முறை பரவிற்று. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ், ஜப்பானின் தமியா முதலிய நிறுவனங்களின் தொகுதிகள் உலகெங்குஞ் சென்றன. நம் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலும் மாதிரி விமானஞ் செய்தல் பயிற்சியின் ஒரு பகுதியாக உள்ளது.

மெய்யான விமானஞ் செய்வோரும் சிற்றுருவையும் மாதிரியையும் இகழ்வதில்லை என்பதற்கு மாருத் சான்று. 1961 ஜூன் 17இல் அவ்விமானம் முதன்முதற் பறந்தது. அதற்கு முன்னரே, 1959இல், அதே வடிவமும் அதே அளவுமுள்ள மரத்தாலான பொறியில்லா விமானமொன்றைச் செய்து, மற்றொரு விமானத்தால் இழுத்து மேலேற்றிப் பறக்கவிட்டு, அதன் இயல்பைப் பன்முறை ஆராய்ந்தனர். மரத்திற் பிழை கண்டால் திருத்துவது எளிது. உலோகத்திற் கண்டால் அரிது. வானத்திற் கண்டாலோ திருத்த ஆளிருப்பதும் ஐயமே.

செய்யும் முறை

இனிச் செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். பெட்டியைத் திறந்ததும் உறுப்புகள் ஒரு சட்டத்தோடு கிளைகளிற் காய்கள்போல் ஒட்டியிருக்கக் காணலாம். அவற்றைக் கையால் முறித்தல் ஆகாது. கூரிய வெட்டியால் நறுக்கி எச்சத்தை அரத்தால் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து எளிதிற் கழல்வதற்கிட்ட எண்ணெய்ப்பசை சிலவற்றில் இருக்குமாதலால், சோப்பு நீரிற் கழுவி உலர்த்துதல் நன்று. பசையிடுமுன் ஒவ்வொரு பொருத்தத்தையும் வெறுமனே சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இதற்குரிய பசை உண்மையில் ஒட்டும் பொருளன்று; அது பிசினின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டு பகுதியையும் ஒன்றாகக் கலக்கச் செய்யும் திரவம். ஆதலின் ஒருமுறை சேர்ந்தபின் பிரித்தல் இல்லை. அதன் ஆவி உடம்பிற்கு ஆகாதாகையால் சாளரத்தைத் திறந்துவைத்தே வேலை செய்க.

மூக்கிற் சக்கரமுடைய விமானங்கள் பல, செய்து முடித்ததும் வாலில் உட்கார்ந்துவிடும். ஏனெனின் சிற்றுருவின் மூக்கு வெறுங்கூடு. உடலின் இரு பாதிகளையும் மூடுமுன் மூக்கினுள் எடை வைக்க வேண்டும். மேட்டூரில் மீன் வலையிற் கட்டும் ஈயக்குண்டுகளில் சிலவற்றை வாங்கி வந்து நாம் பயன்படுத்துகிறோம். ஈயத்தைத் தொட்டபின் கைகழுவ மறத்தல் கூடாது.

இணைப்புகளில் தோன்றும் இடுக்குகளை மறைக்கும் வேலைக்கு ஆசிரியரைத் தேடி நாம் அயல்நாடு செல்லவேண்டியதில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளை நம்மவர் எல்லாரும் கண்டிருப்பர். அங்கே வண்ணம் பூசுவோர் 'பட்டி பார்த்தல்' என்று கூறும் தொழிலே இஃது. பட்டியைத் தடவி, உலரவைத்து, நீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பர். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தைக் கை அறியும். நம் வேலையில் உள்ளங்கைக்குப் பதில் விரல் நுனி. வேறு வேற்றுமை இல்லை. ஒரு விடுமுறையில் அத்தகைய பட்டறையொன்றின் வாயிலில் நின்று ஒரு பிற்பகல் முழுதும் பார்த்துக் கற்றது, நூல்கள் பலவற்றிற் கற்றதினும் மிகுதி.

வண்ணம் பூசுங்காற் சேலத்து வெயிலை நினைவிற் கொள்ளவேண்டும். சித்திரை, வைகாசியில் நீரிற் கரையும் வண்ணங்கள் தூரிகையிலேயே உலர்ந்து திரிந்துபோகும். அதிகாலையே அதற்கு உகந்த பொழுது. ஐப்பசி மழையிலோ, விரைவில் உலரும் அரக்குவகை வண்ணங்கள் காற்றின் ஈரத்தால் வெண்பூத்துவிடும். கனமான ஒரு பூச்சினும் மெல்லிய மூன்று பூச்சுகள் மேல்.

இறுதியில், அடையாளங்களையும் எண்களையும் நீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டுவர். இவ்வொட்டுப் படங்களின் அடியில் பரப்பு சொரசொரப்பாயிருந்தால், காற்று சிக்கி வெள்ளிபோற் பளபளத்து ஏமாற்றத்தை வெளிப்படுத்தும். ஆகவே முதலில் வழவழப்பான தெளிபூச்சு இட்டு, படம் ஒட்டி, அதன்பின் ஒளிமங்கிய தெளிபூச்சால் மூடுவர்.

நமக்கு நேர்ந்த பிழை

இவையனைத்தையும் கற்றுவிட்டோம் என்னுஞ் செருக்கோடு, நாம் ஒரு நாட் விமானத்தைச் செய்து கல்லூரி நாள் கண்காட்சியில் வைத்தோம். நமக்குக் கிடைத்த தொகுதியில் பிரிட்டிஷ் அடையாளங்களே இருந்தன. இந்திய அடையாளத்தை நாமே தூரிகையால் எழுதினோம். நூலைப் பார்க்கவில்லை, நம் கொடியை அறியாதார் உண்டோ என்று எண்ணினோம். காவியை நடுவிலும், வெண்மையை இடையிலும், பச்சையை வெளியிலும் வைத்தோம். இரண்டு நாட்கள் ஆசிரியரும் மாணவரும் பார்த்துப் புகழ்ந்து சென்றனர்.

மூன்றாம் நாள், நாமக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேரனோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் அம்மேசையருகே நெடுநேரம் நின்றார். பின்னர் மிக மெதுவாக, "தம்பி, இது எந்த நாட்டு விமானம்?" என்று வினவினார். "நம் நாட்டதுதான், ஐயா" என்றோம். அவர் சிரித்தார், ஏளனச் சிரிப்பன்று. "நடுவில் இருப்பது பச்சை, வெளிவட்டமே காவி. நான் பல ஆண்டுகள் அதைத் துடைத்தவன்" என்றார். அவர் விமானப்படையில் நாட் விமானங்களைப் பழுதுபார்க்கும் பணியிலிருந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. "வேகமாக வரும் விமானத்தின் பெயரைக் கீழே நிற்பவன் படிக்க முடியுமா? வட்டத்தைத்தான் பார்ப்பான்" என்றும் கூறினார்.

நாணத்தால் நமக்கு வாய் எழவில்லை. அவரோ அமர்ந்து, நாட் விமானத்தின் சக்கரங்களையும் அவற்றின் கதவுகளையுங் காட்டி, பறக்கும்போதே அவற்றைச் சிறிது இறக்கி வேகத்தைத் தணிக்கும் தடையாகப் பயன்படுத்துவர் என்று விளக்கினார். அதன் வாலுச்சியே தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் அடங்குமாதலால், ஏணியின் உதவியின்றியே பல வேலைகளைச் செய்யலாம் என்றார். 121 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பொருள் அவர் முன்னிலையில் முழு விமானமாகிவிட்டதை நாம் கண்டோம்.

அன்றிரவே வட்டங்களைச் சுரண்டிவிட்டு மீண்டும் எழுதினோம். இடது இறக்கையில் பழைய பச்சை வளையத்தின் விளிம்பு இன்னும் ஒரு மயிரளவு தெரிகிறது. அதனை மறைக்க வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

ஓர் ஆட்சேபம்

கொல்லுங் கருவியை அழகுப்பொருளாக்கி அலமாரியில் வைத்தல் கற்றோர்க்குத் தகுமோ என்று நம் ஆசிரியருள் ஒருவர் வினவினார். இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. போரை விளையாட்டென்று எண்ணச் செய்யுமாயின் இப்பொழுதுபோக்கு தீதே.

ஆயினும் நாம் கண்ட அனுபவம் வேறு. சிற்றுருவைச் சரிவரச் செய்ய விரும்புவோன், 'ஒரு நாட் விமானம்' என்று பொதுப்படச் செய்ய இயலாது. எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், எந்த நாள் என்று கேட்டே ஆகவேண்டும். அவ்வாறு கேட்கத் தொடங்கியதும் மனிதர் முன்வந்து நிற்பர். 1971 டிசம்பர் 14ஆம் நாள் ஸ்ரீநகர் விமானதளத்தை ஆறு 'சேபர்' விமானங்கள் தாக்கியபோது, 18ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நிர்மல் ஜித் சிங் சேகோன், குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே தம் நாட் விமானத்தைக் கிளப்பினார். தொகை மிக்க பகைவரோடு பொருது உயிர் துறந்தார். விமானப்படையிற் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அப்பிரிவு 2020 மே மாதத்தில், நமக்கு அண்மையிலுள்ள சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் பணி தொடங்கிற்று. இச்செய்திகளை நாம் தேடிப் படித்தது தேர்வுக்காகவன்று. ஒரு சிறு வாலில் எந்த எண்ணை எழுதுவது என்று அறியும் பொருட்டே.

இன்னொன்று: நாட் விமானத்தின் அருகே வைக்க ஒரு சேபர் விமானத்தையும் செய்துவருகிறோம். அதன் அளவுகளையும் அதே பொறுமையோடு பார்க்க வேண்டியிருக்கிறது. அதனுள் அமர்ந்தவனும் ஓரங்குல மனிதனே. அளவுகோலுக்குப் பகைவன் நண்பன் என்னும் பேதம் இல்லை. வெறுப்பு விரைந்து செல்வது. இவ்வேலையோ விரைய விடுவதில்லை.

முடிவுரை

பொருட்செலவை எண்ணி அஞ்சுவோர்க்கு ஒரு சொல். அயல்நாட்டுத் தொகுதிகள் விலைமிக்கனவே. ஆனால் 1942இல் அமெரிக்க மாணவர் செதுக்கியது மரத்தையே அன்றோ? சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை நம் மலையடிவாரங்களிலும் வளர்வது. அதன் மரம் மென்மையும் நுண்ணிய இழையும் உடையது. தச்சரிடம் கழிவுத் துண்டுகள் கேட்டுப் பெறலாம். மூன்று பக்கத்துக் கோட்டுப்படம், ஒரு கத்தி, ஓர் அளவுகோல், சிறிது உப்புத்தாள் இவை போதும். மெய்யான விமானங்களை அருகிற் காண விரும்புவோர், பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் காட்சிச்சாலைக்கு ஒருநாட் பயணமாகச் சென்று மாருத் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் அமையும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் சேலமும் ஒன்று என அறிவிக்கப்பட்டுள்ளது. நாளை நம் மாணவருட் சிலர் மெய்யான விமானங்களின் உறுப்புகளைச் செய்யும் பட்டறைகளில் நிற்கக்கூடும். அங்கே ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமும் பெரும்பிழையாகும். 'நமக்குத் தெரியாததா' என்னும் எண்ணம் அதனினும் பெரும்பிழையாகும். அவ்வெண்ணத்திற்கு நாம் கொடுத்த விலை ஓரிரவு வேலையோடு தீர்ந்தது. எல்லார்க்கும் அவ்வளவு மலிவாகத் தீருமென்று சொல்வதற்கில்லை.

அடுத்த கண்காட்சிக்கு அப்பெரியவரை அழைத்திருக்கிறோம். வருவதாக வாக்களித்துள்ளார். வட்டத்தை மும்முறை சரிபார்த்துவிட்டோம். நான்காம் முறை பார்ப்பதற்கு, விருப்பமுள்ள மாணவர் நம்மோடு வந்து சேர்வாராக.